கொசுவம் வைத்த படகு

“மனுஷன் ஏறி உக்கார்ற மாதிரி ஒரு பொருளை இதுவரைக்கும் நீ செஞ்சிருக்கியா? சோபாவுக்கு உறை தெச்சே, உக்காந்தா வழுக்கிக் கீழே விடுது. இதுல என்னை ஏத்தித் தெருவுல விடப் போறியா?”

இதுதான், யாழினி, இவர் கடைசியாகச் சொன்னது. ஒரு எழுத்து கூட்டவில்லை, ஒரு எழுத்து குறைக்கவில்லை. சொல்லிவிட்டு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். இந்த வீட்டில் அந்த அறைக்குத் தாழ்ப்பாள் என்று ஒன்று இருப்பதே எனக்கு மறந்து போயிருந்தது. துரு ஏறி இறுகியிருக்கும் என்றுதான் நினைத்தேன். அழகாக விழுந்தது.

நீ ஏன் நிற்கிறாய், உட்கார். சோபாவில் வேண்டாம், பிரம்பு மோடாவில் உட்கார். அந்த உறை வழுக்கத்தான் செய்யும். சாட்டின் துணி. சாட்டின் வழுக்கினால் அது துணியின் குணமா, தைத்தவளின் குற்றமா? அதை விடு.

நீ மாடிக்குக் குடிவந்த நாளிலிருந்து, கீழே இந்தப் பொம்பளை எதை இப்படித் தேய்க்கிறாள், எதை இப்படித் தட்டுகிறாள் என்று யோசித்திருப்பாய். உன் வீட்டுக்காரர் ஒருநாள் வாசலில் நிறுத்தி, “ஆன்ட்டி, கேட்டரிங் ஆரம்பிக்கறீங்களா?” என்று கேட்டார். கையில் சோமாசிக் கரண்டி வைத்திருந்தேன், அதனால் கேட்டிருப்பார். ஆமாம் என்று சொல்லி அனுப்பினேன். சோமாசிக் கரண்டியால் படகுக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன் என்று சொன்னால், அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டிருப்பீர்கள்.

இதோ பார், போர்டிகோவில் தூணில் கட்டியிருக்கிறது. மிதக்கிறதா இல்லையா? உன் கண்ணால் பார்த்துச் சொல். மிதக்கிறது, இல்லையா? பின்னே?

இவர் உடம்பு விஷயம் உனக்குத் தெரியும். இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யாது. செவ்வாய், வியாழன், சனி என்று டயாலிசிஸ். மெஷின் ரத்தத்தைச் சுத்தம் பண்ணித் தண்ணீரை இழுத்து எடுத்தால்தான் அடுத்த தடவை வரைக்கும் ஓடும். சனிக்கிழமை மழையில் ஆட்டோகூட வரவில்லை, போக முடியவில்லை. இன்றைக்குச் செவ்வாய். நேற்றிலிருந்து படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று உட்கார்ந்தே இருக்கிறார். காலில் விரல் வைத்து அழுத்தினால் பள்ளம் அப்படியே நிற்கிறது. இன்றைக்கும் போகாவிட்டால் என்ன ஆகும் என்று டாக்டர் போனில் சொன்னார். அதை என் வாயால் திருப்பிச் சொல்ல மாட்டேன்.

ஆம்புலன்ஸ் மெயின் ரோட்டில் நிற்கிறது. அது மேடு, அங்கே தண்ணீர் இல்லை. அதற்கு மேல் உள்ளே வராது. “தெரு முனை வரைக்கும் கொண்டாந்துடுங்கம்மா, மீதிய நாங்க பாத்துக்கறோம்” என்கிறான் டிரைவர். தெரு முனை என்றால் எது? ஜன்னலில் தெரிகிற பால் பூத். சின்ன வயசில் ஓடினால் மூச்சு வாங்காமல் போய்ச் சேருகிற தூரம். நடுவில் கழுத்தளவு தண்ணீர். மீட்புப் படகு எப்போது வரும் என்று காலையிலிருந்து போன் போட்டுக் கேட்கிறேன். “வரும் மேடம், வரும்.” கல்யாண வீட்டில் பாயசம் கேட்டால் சொல்வார்களே, அந்த மாதிரி.

போன மழைக்கும் இதே கதைதான். அப்போது இடுப்பளவு. அடுத்த தெருப் பிள்ளைகள் வந்தார்கள். நல்ல பிள்ளைகள், குறை சொல்லக்கூடாது. பிளாஸ்டிக் நாற்காலியில் இவரை உட்காரவைத்துத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். தெரு முழுக்க மொட்டைமாடியில் நின்று வேடிக்கை பார்த்தது. ஒருத்தன் செல்போனில் படம் எடுத்தான். இவர் நாற்காலிக் கையை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேட்டி ஒரு பக்கம் அவிழ்ந்து தண்ணீரில் இழுபட்டுக்கொண்டே போயிற்று. அதைச் சரிசெய்துகொள்ளக்கூடக் கையை எடுக்கவில்லை. தண்ணீர் என்றால் இவருக்கு அவ்வளவு பயம்.

திரும்பி வந்தார். கொஞ்ச நாள் கழித்து ஒரே ஒரு வார்த்தை சொன்னார். “இன்னொரு தடவை என்னை அப்படித் தூக்க விடாதே, சுகந்தி.”

தூக்க விடாதே என்றால் என்ன அர்த்தம்? வேறு வழி பண்ணு என்றுதானே அர்த்தம்? பண்ணினேன்.

படகைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. மெரினாவில் கவிழ்த்துப் போட்டிருந்ததன் நிழலில் உட்கார்ந்து சுண்டல் தின்றதோடு சரி. ஆனால் அளவெடுக்கத் தெரியும். கான்வென்டில் சிஸ்டர் ஜெர்மெய்ன் எங்களுக்குத் தையல் எடுத்தார். காகிதத்தில் வெட்டிப் பார்க்காமல் துணியில் கத்தரி வைத்தால் விரல் முட்டியில் ஸ்கேல் விழும். ரவிக்கை என்பது என்ன? தட்டையாக இருக்கிற துணியை, தட்டையாக இல்லாத உடம்புக்குப் பொருத்துவது. படகு என்பது தட்டையான அட்டையைத் தண்ணீருக்குப் பொருத்துவது. இதற்கு எதற்கு என்ஜினீயரிங் காலேஜ்?

மடக்குகிற படகுதான் வேண்டும் என்று முதலிலேயே முடிவு பண்ணிவிட்டேன். முழுப் படகை எங்கே வைப்பேன்? கட்டிலடியில் இவர் மருந்துப் பெட்டி, பரணில் என் சீர்ப் பாத்திரம். மழை இல்லாத நாளில் மடிந்து, கேரம் போர்டு மாதிரி ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். மழை வந்தால் விரிந்து, சட்டம் போட்டு, கிளிப் மாட்டி, காபி ஆறுவதற்குள் தயாராக வேண்டும். இரண்டு பேர் ஏற வேண்டும். நான் ஒன்று, இவர் ஒன்று.

பழைய காலண்டர் அட்டையில் முதலில் ஒரு சின்ன மாதிரி செய்தேன். வாளியில் மிதக்கவிட்டு, நடுவில் ஒரு உருளைக்கிழங்கை இவர் ஸ்தானத்தில் வைத்தேன். உருளைக்கிழங்கு இவருக்குக் கூடாது. பொட்டாசியம். எட்டிப் பார்த்தார். “அந்த உருளைக்கிழங்கு நான்னா, என்னை நானே சாப்பிடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிடுவார்” என்றார். அப்போதெல்லாம் இப்படிப் பேசிக்கொண்டுதான் இருந்தார். சிரிப்பும் வரும். நான் சிரிக்கவில்லை. வேலையில் இருந்தேன்.

அட்டை என்றால் காகித அட்டை இல்லை. கடைக்கு வெளியே விளம்பரப் பலகை வைப்பார்களே, உள்ளே குழல் குழலாக இருக்கும், தண்ணீர் பட்டால் ஊறாத பிளாஸ்டிக் அட்டை. நீளமாக ஒரே துண்டு கிடைக்காது என்று கடைக்காரன் சொன்னான். கிடைக்காது என்று என்னிடம் சொல்லிவிட்டு அவன் நிம்மதியாக இருக்க முடியுமா? அம்பத்தூரில் பேக்கிங் அட்டை செய்கிற இடத்தில் சொல்லி வரவழைத்துக் கொடுத்தான்.

முதல் படகை ரவிக்கை மாதிரியே வெட்டினேன். இரண்டு முனையிலும் முக்கோணமாக டார்ட் பிடித்து, வெட்டி, ஓரத்தை ஓரத்தோடு சேர்த்து, நைலான் கயிற்றால் இரட்டைத் தையல் போட்டேன். சிஸ்டர் ஜெர்மெய்ன் பார்த்திருந்தால் மற்ற பெண்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டியிருப்பார். ஒரு தையல் பெரிசு, ஒரு தையல் சிறிசு கிடையாது. மொட்டைமாடியில் வைத்து உள்ளே தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். இடியாப்ப அச்சு. ஊசி போன ஒவ்வொரு இடத்திலும் ஒரு இழை தண்ணீர், அழகாக, சம இடைவெளியில். எவ்வளவு நன்றாகத் தைத்திருந்தேனோ அவ்வளவு நன்றாக ஒழுகிற்று.

இவர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க மாடி ஏறி வந்திருந்தார், இதைப் பார்ப்பதற்கென்றே. அப்படி ஒரு நிம்மதி முகத்தில். “போகுது விடு சுகந்தி. நீ உன்னால ஆனதைப் பண்ணிட்டே” என்றார். ஆறுதல் சொல்கிறாராம். எனக்கு ஆறுதல் பிடிக்காது.

அன்றைக்கு வந்த கோபத்தில் குளித்துவிட்டுப் புடவை கட்டிக்கொண்டிருந்தேன். சட்டென்று தோன்றியது. ஆறு கஜம். எங்கேயாவது வெட்டுகிறோமா? எங்கேயாவது தைக்கிறோமா? அத்தனை அகலமும் கொசுவத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. அவிழ்த்தால் மறுபடி தட்டைத் துணி. அட முண்டமே என்று என்னையே திட்டிக்கொண்டேன். வெட்டினால்தானே தைக்க வேண்டும், தைத்தால்தானே ஓட்டை? கொசுவம் வை! முனையில் அட்டையை வெட்டாமல் உள்பக்கமாக மடித்து, மடிப்பைத் தண்ணீருக்கு மேலே தூக்கி, கிளிப் போட்டு இறுக்கிவிட்டால் தண்ணீருக்குக் கீழே ஒரு ஓட்டை கிடையாது. பாதி கட்டின புடவையோடு கூடத்துக்கு வந்து செய்தித்தாளில் மடித்துப் பார்த்தேன். வந்தது.

மடிப்பு விழ வேண்டிய இடத்தில் அட்டையை அறுக்காமல் அழுத்திக் கோடு போட வேண்டும். அதற்குத்தான் சோமாசிக் கரண்டி. பல் சக்கரம் கிர்கிர்ரென்று ஓடும். பிறகு மேலே துணி போட்டு இஸ்திரிப் பெட்டியைக் காட்டினால் மடிப்பு படியும். குறுக்குச் சட்டத்துக்குத் திரைச்சீலை மாட்டுகிற அலுமினியக் கம்பி. துடுப்புக்கு ஒட்டடைக் கம்பின் இரண்டு முனையிலும் குப்பை வாரி. சிரிக்காதே, நன்றாகத் தள்ளுகிறது.

இவர் என்ன வேலையில் இருந்தவர் தெரியுமில்லையா? டிராஃப்ட்ஸ்மேன். ஆயுசு முழுக்கக் கட்டிடத்துக்கு வரைபடம் போட்டவர். எது எதைத் தாங்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். அவர் சொன்ன யோசனை என்ன தெரியுமா? “குறுக்குச் சட்டமெல்லாம் எதுக்கு, வீண் கனம். அதை எடுத்துடு.” நான் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் நாங்கள் ஏறி உட்கார்ந்ததும் புஸ்தகம் மூடுகிற மாதிரி மூடியிருக்கும். பால் பூத் என்ன, கேட்டைத் தாண்டியிருக்க மாட்டோம். இத்தனை வருஷம் வரைந்தவருக்கு இதுகூடவா தெரியாது? யூரியா ஏறினால் மூளை மந்தமாகும் என்று நர்ஸ் சொன்னாள். அதுதான்.

இந்தத் தடவை மழை வரும் என்று டிவியில் சொன்னதிலிருந்து இவருக்கு என்ன உற்சாகம் என்கிறாய்! ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, “இந்தத் தடவை நல்லாப் பெய்யும் போலிருக்கு” என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பீரோவைத் திறந்து நல்ல சட்டையையெல்லாம் இஸ்திரிக்காரருக்கே போட்டுக்கொள்ளக் கொடுத்துவிட்டார். படகுத் துடுப்பு வைக்க இடம் பண்ணிக் கொடுக்கிறார் என்று நானும் சந்தோஷப்பட்டேன். சனிக்கிழமை வண்டி வரவில்லை என்றதும் இளநீர் கேட்டார். இளநீர்! டயாலிசிஸ்காரருக்கு அது விஷம், அது இவருக்கே தெரியும். “ஒரே ஒரு வாய் சுகந்தி” என்கிறார், குழந்தை மாதிரி. கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை டொரண்டோவில் இருக்கிற பையனோடு வெகுநேரம் பேசினார். போனை நான் வாங்கினபோது பையன் குரல் கம்மியிருந்தது. என்னடா என்றேன். தடுமன் என்றான். அங்கே இப்போதே குளிர் ஆரம்பித்துவிட்டது.

நேற்று ஊசி போடுகிற கையைத் தடவிக்கொண்டே, “இந்தக் கையை ஒரு வாரம் யாரும் தொடாம இருந்தா எப்படி இருக்கும்” என்றார். அதற்கு நான் தேங்காயெண்ணெய் தடவிவிட்டேன்.

இன்றைக்குக் காலையில் தண்ணீர் போர்டிகோ வரைக்கும் வந்ததும் படகை விரித்தேன். நீ அப்போது மாடியில் தூங்கிக்கொண்டிருந்திருப்பாய். சட்டம் போட்டேன், கிளிப் மாட்டினேன். இவர் எடைக்கு அரிசி மூட்டையும் கிரைண்டர் கல்லும் வைத்து, பின்பக்கம் நான் முட்டி போட்டு உட்கார்ந்தேன். சாமி கும்பிடக்கூட மறந்துவிட்டது. மிதந்தது யாழினி! ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. தூணிலிருந்து கேட் வரைக்கும் போய் இடித்துத் திரும்பி வந்தேன். நிமிர்ந்து பார்த்தால் இவர் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

“மிதக்குதே” என்றார்.

“மிதக்காம?” என்றேன்.

“இது மிதக்கும்னு நான் நினைக்கவே இல்ல, சுகந்தி.”

மழைக்கு விட்ட லீவை ரத்து பண்ணிவிட்டார்கள் என்று சொன்னால் பள்ளிக்கூடத்துப் பையன் முகம் எப்படிப் போகும்? அந்த மாதிரிப் போயிற்று. பெண்டாட்டி செய்தது ஜெயித்துவிட்டதே என்று. ஆண்பிள்ளைகளுக்கு அது ஆகாது, நீயும் போகப்போகப் பார்ப்பாய். நான் பெரிசாக எடுத்துக்கொள்ளவில்லை. “ஏறுங்க, நேரமாச்சு, ஆம்புலன்ஸ்காரன் போயிடுவான்” என்றேன். முன்பக்கம் தலையணை போட்டிருக்கிறேன் பார், சாய்ந்துகொள்ள. இந்தத் தடவை தூக்க யாரும் வர மாட்டார்கள், தெருவில் யாருக்கும் முகம் தெரியாது, தலைக்கு மேலே குடை கட்டித் தருகிறேன் என்றேன். அதற்குத்தான் சோபா உறையை இழுத்தார். உறையிலிருந்து என் சமையல், என் சமையலிலிருந்து என் தம்பி கல்யாணம் என்று எங்கெங்கேயோ போனார். பேசப் பேச மூச்சு இரைக்கிறது, ஆனாலும் நிறுத்தவில்லை. இவர் சண்டை போடுகிறவரே இல்லை யாழினி. இந்த வீட்டில் சண்டை என் இலாகா. கடைசியில் முதலில் சொன்னதையே திருப்பிச் சொன்னார். மனுஷன் ஏறி உக்கார்ற மாதிரி ஒரு பொருளை என்று. சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அதனால்தான் உன்னைக் கூப்பிட்டேன். நீ பேசினால் கேட்பார். உன்னிடம் மரியாதையாகப் பேசுவார், கதவைத் திறக்காமல் இருக்கமாட்டார். “அங்கிள், நானும் கூட வரேன், பிடிச்சுக்கறேன்” என்று சொல். முன்பக்கம் ஆட்டம் இருக்கும் என்று பயப்படுகிறார், அவ்வளவுதான்.

என்ன சொன்னாய்?

இல்லை, நன்றாகக் காதில் விழும்படி சொல். அங்கிளுக்குப் போக இஷ்டம் இல்லையோ என்னவோ. அதுதானே சொன்னாய்?

இஷ்டம்! இஷ்டப்பட்டு யாரம்மா போகிறார்கள் அங்கே? கம்பளி போர்த்திக்கொண்டு, நடுங்கிக்கொண்டு, தன் ரத்தம் குழாயில் போவதைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்க யாருக்கு இஷ்டம்? நான் என்ன இஷ்டப்பட்டா கூடத்தை அடைத்துக்கொண்டு அட்டையைத் தேய்த்தேன்? என் முட்டியைப் பார். கறுத்துப் போயிருக்கிறது பார். இஷ்டம் பற்றி உனக்கு என்ன தெரியும்? கல்யாணம் ஆகி ஒரு தீபாவளி ஆகியிருக்குமா உனக்கு? அந்த வார்த்தையை இந்த வீட்டில் சொல்லாதே. சொல்லாதே என்றால் சொல்லாதே.

அழாதே. நான் கத்தினால் எல்லாரும் அழுகிறீர்கள், யாரும் பதில் மட்டும் சொல்வதில்லை.

போன் அடிக்கிறது பார். ஆம்புலன்ஸ்காரன்தான். எடு. அஞ்சு நிமிஷம் என்று சொல். அவர் உடை மாற்றிக்கொண்டிருக்கிறார் என்று சொல். எதையாவது சொல்லேன்! போய்விடுவானாமா? போய்விடுவானா என்று கேள். அவனிடம் கொஞ்சம் கெஞ்சு, உனக்குக் கெஞ்ச வரும். எனக்கு வராது.

நகரு, நானே போகிறேன் கதவுக்கு.

ஏங்க.

ஏங்க, நான்தான். மூச்சு விடறது இங்க கேக்குது. உக்காந்துதானே இருக்கீங்க? படுக்காதீங்க. முதுகுக்குத் தலையணை வெச்சுக்குங்க.

யாழினி இருக்கா, கத்த மாட்டேன்.

அந்த உறை வழுக்குதுதான். ஒத்துக்கறேன். கழட்டித் தூக்கிப் போட்டுடறேன், போதுமா? ஆம்புலன்ஸ்காரன் இன்னும் நிக்கறான். நீங்க கண்ணை மூடிட்டு வந்து உக்காந்தா போதும், ஒண்ணும் பண்ண வேண்டாம், நான் தள்ளிடுவேன். தோ இருக்கு பால் பூத். இன்னிக்கு ஒரு தடவை. வியாழக்கிழமையைப் பத்தி வியாழக்கிழமை பேசிக்கலாம்.

கேக்குதா?

சரி. வர வேண்டாம். இப்ப வர வேண்டாம். ஏத்த மாட்டேன். படகைப் பத்திப் பேசவே மாட்டேன், சத்தியமா. யாழினியை மேலே அனுப்பிடறேன், ஆம்புலன்ஸ்காரனையும் போகச் சொல்லிடறேன். நான் உங்க பக்கத்துல சும்மா உக்காந்திருக்கேன், ஒரு வார்த்தை பேசாம உக்காந்திருக்கேன்.

தாழ்ப்பாளை மட்டும் எடுத்து விடுங்க.